மழைக் கணக்கும் மரணக் கணக்கும்: வரும் இடரை முன்னறியும் வழி

குடியானவர்களுக்கு நேரும் பெருந்துன்பங்கள் யாவும் எதிர்பாராமல் திடீரென்று வருவன என்பது பொதுவாக நிலவும் எண்ணம். பஞ்சம், கொள்ளைநோய், கால்நடை மடிவு, கடும் வெப்பம், நீர் கெடுதல் ஆகியவற்றின் வரலாற்றை ஆராயுமிடத்து அவ்வெண்ணம் சரியன்று என்பது புலனாகும். இவற்றுள் பல, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ முன்னதாகவே தம் வரவைத் தெரிவித்திருக்கின்றன. ஆனால் அக்குறிகள் ஒரே இடத்தில் தோன்றுவதில்லை. ஒரு குறி மழைமானியில் தோன்றும். ஒன்று கிணற்றில் தோன்றும். மற்றொன்று ஆட்டுப்பட்டியில் தோன்றும். இன்னொன்று இறப்புப் பதிவேட்டில் தோன்றும். மழைமானியைப் பார்ப்பவர் ஒருவர். பட்டியைப் பார்ப்பவர் வேறொருவர். பதிவேட்டை எழுதுபவர் மூன்றாமவர். ஒவ்வொருவரும் தாம் கண்டதைத் தம்மளவில் வைத்துக்கொள்வதால், கூட்டிப் பார்ப்பார் எவருமின்றிக் குறிகள் வீணாகின்றன.

நிலம், நீர், வானம் இவற்றின் கணக்கையும், மனிதர், கால்நடை இவர்தம் உடல்நலக் கணக்கையும் அருகருகே வைத்து வாரந்தோறும் ஒப்பிட்டு வருவதே இடரை முன்னறிவதற்கு எளிய வழியாகும். இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. வேண்டுவன யாவும் ஒவ்வொரு கிராமத்திலும் ஏற்கெனவே உள்ளன. கொங்கு நாடு பட்ட பழைய துன்பங்களே இப்பாடத்தைக் கற்பித்திருக்கின்றமையால், அவற்றிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும்.

1876-ஆம் ஆண்டுப் பஞ்சம்

கோயம்புத்தூர்ச் சமவெளியின் பெரும்பகுதியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய 25 அங்குலம், அதாவது 600 முதல் 700 மில்லிமீட்டர் அளவினதே. அதிலும் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. 1876-ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவம் குறைந்து, பின்னர் வடகிழக்குப் பருவமும் பொய்த்தது. அவ்வாண்டு முதல் 1878 வரை சென்னை ராஜதானியிலும், மைசூரிலும், பம்பாய்த் தக்காணத்திலும் நிலவிய பஞ்சத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று கணக்கிடப்பட்டுள்ளது.

கோயம்புத்தூர் ஜில்லாவுக்கு நேர்ந்ததை ஜனக்கணிப்பே கூறும். 1871-ஆம் ஆண்டுக் கணிப்பில் ஜில்லாவின் ஜனத்தொகை ஏறக்குறைய 17 லட்சத்து 63 ஆயிரம். 1881-ஆம் ஆண்டுக் கணிப்பில் அது ஏறக்குறைய 16 லட்சத்து 57 ஆயிரமாகக் குறைந்திருந்தது. பத்தாண்டுகளில் இயல்பாகப் பெருகியிருக்க வேண்டிய தொகை பெருகாமற்போனதோடு, ஒரு லட்சத்துக்கும் மேல் குறைந்தும் போயிற்று.

இம்மரணங்கள் யாவும் ஒரே காலத்தில் ஒரே காரணத்தால் நேர்ந்தனவல்ல என்பதைக் குறிக்கொள்ள வேண்டும். முதலில் மழை தவறியது. வடகிழக்குப் பருவம் பொய்க்கின்றது என்று தெரிந்த சில வாரங்களுக்குள் தானியத்தின் விலை ஏறிற்று. பின்னர்க் கால்நடைகள் மடிந்தன; கூலியற்றோர் ஊர்விட்டு ஊர் அலையலாயினர். வற்றிய குளங்குட்டைகளின் அடிநீரைப் பலரும் பருகியதால் வாந்திபேதி பரவிற்று. வயிற்றுக்கடுப்பு அதனைத் தொடர்ந்தது. 1877-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மழை திரும்பியபோது துன்பம் தீர்ந்ததென மக்கள் எண்ணினர். ஆனால் பசியால் மெலிந்திருந்த உடல்களை அம்மழைக்குப் பின் எழுந்த மலேரியாக் காய்ச்சல் பற்றிக்கொண்டது. மழையின்மையால் தொடங்கிய மரணம் மழையினாலேயே மீண்டும் பெருகிற்று. மழைக் கணக்கை மட்டும் பார்த்தவருக்குப் பஞ்சம் முடிந்ததாகவே தோன்றியிருக்கும். மரணக் கணக்கையும் உடன் பார்த்தவருக்கே உண்மை விளங்கியிருக்கும்.

இவ்விரு கணக்குகளும் முரண்பட்டபோது நேர்ந்த ஒரு வழக்கு நினைவிற் கொள்ளத்தக்கது. 1877 ஜனவரியில் இந்திய சர்க்காரின் பிரதிநிதியாகச் சென்னை வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆடவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கும் அற்பச் சில்லறைச் செலவுக்குமான கூலி போதும் என்று கருதினார். ராஜதானியின் சுகாதாரக் கமிஷனராயிருந்த டாக்டர் கார்னிஷ் அதனை மறுத்தார். வேலைத்தலங்களிலும் முகாம்களிலும் இருந்தோரின் உடல்நிலையையும் மரண எண்ணிக்கையையும் எடுத்துக்காட்டி, அவ்வளவு உணவு உயிரைத் தாங்காது என்று வற்புறுத்தினார். சில மாதங்களுக்குப் பின்னரே அக்கூலி உயர்த்தப்பட்டது. மரணக் கணக்கு வாரந்தோறும் முறையாகக் கூட்டிப் பார்க்கப்பட்டிருந்தால், அச்சில மாதங்கள் வீணாகியிரா.

பஞ்ச விதிகள் கற்பித்தவை

பஞ்சத்துக்குப் பின் சர் ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி தலைமையில் ஒரு கமிஷன் அமர்ந்து, 1880-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அதன் பயனாகவே மாகாணங்களில் பஞ்ச விதிகள் வகுக்கப்பட்டன. பயிர், பருவம் இவற்றின் செய்திகளை இடைவிடாது சேகரிக்க ஒவ்வொரு மாகாணத்திலும் விவசாய இலாகா வேண்டும் என்பதும் அக்கமிஷனின் கருத்தே. சென்னையில் அவ்விலாகா 1882-இல் ஏற்பட்டது. சைதாப்பேட்டையில் இருந்த விவசாயப் பள்ளி 1906-இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டு, பின்னர்க் கல்லூரியாகவும், 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது. விவசாய இலாகா பிறந்ததே இடரை முன்னறிவதற்காகத்தான் என்று கூறினும் மிகையாகாது.

பஞ்ச விதிகளில் உத்தியோகஸ்தர்கள் கவனிக்க வேண்டிய முற்குறிகள் தொகுத்துக் கூறப்பட்டன. கடன் கொடுப்போர் கையைச் சுருக்குதல், தானிய வியாபாரத்தில் வழக்கத்துக்கு மாறான பரபரப்பு, சிறு திருட்டுகள் மிகுதல், ஆடுமாடுகளை மேய்ச்சல் தேடி அகாலத்தில் ஓட்டிச் செல்லுதல், ஜனங்கள் காரணமின்றி ஊர் மாறுதல், மரணம் மிகுதல் ஆகியவை அவற்றுட் சில. இவற்றை முதலில் காணத்தக்கவர் ஜில்லாத் தலைநகரில் இருப்போரல்லர்; கிராமத்தில் இருப்போரே. இவற்றுள் எந்த ஒரு குறியும் தனித்து நின்று பஞ்சத்தை நிரூபிப்பதன்று; அவற்றைச் சேர்த்தே பார்க்க வேண்டும். இன்றும் அதுவே சரியான முறை.

எலியும் கொள்ளைநோயும்

இரண்டாவது பாடம் பிளேக் என்னும் கொள்ளைநோயால் கிடைத்தது. 1896-இல் பம்பாயில் தோன்றிய பிளேக், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோயம்புத்தூரையும் சுற்றுப்புறங்களையும் பலமுறை வாட்டிற்று. கோயம்புத்தூர் நகரில் இன்றும் வழிபடப்படும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்நாட்களின் அச்சத்துக்குச் சான்றாக நிற்கின்றன.

இந்நோய் எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சியால் மனிதருக்குப் பரவுகிறது என்பது அக்காலத்து ஆராய்ச்சியால் உறுதிப்பட்டது. எலிகள் மடிந்து விழத் தொடங்கிய ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்குப் பின்னரே மனிதரிடம் நோய் தோன்றும். எலி மாண்டபின் அதன் தெள்ளுப்பூச்சிகள் வேறு இரை தேடி மனிதரை அடைவதே இதற்குக் காரணம். கடுங்கோடையில் இந்நோய் தணிவதும், குளிர்ந்த மாதங்களில் மிகுவதும் அனுபவத்தால் அறியப்பட்டன. எனவே குளிர்காலத்தில் தானியக் குதிரின் அடியில் எலி செத்துக் கிடப்பது கண்ட குடும்பத்தார் உடனே வீட்டைக் காலி செய்து, ஊருக்கு வெளியே காட்டிலும் தோட்டத்திலும் குடிசை போட்டுத் தங்கினர். அவ்வாறு முந்திக்கொண்டோர் பிழைத்தனர். மனிதர் இறந்த பின்னர் வெளியேறியோர் நோயையும் உடன் கொண்டு சென்றனர்.

செத்த எலி எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. எனினும் அவ்வொரு செய்தி இரண்டு வார அவகாசத்தை அளித்தது. இடரை முன்னறிவதன் பயன் யாவும் இத்தகைய அவகாசத்திலேயே அடங்கியிருக்கிறது.

நொய்யல் காட்டிய மெதுவான இடர்

எல்லா இடர்களும் விரைந்து வருவன அல்ல. 1992-இல் நொய்யலாற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காக அணை கட்டப்பட்டது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளிலிருந்தும் சலவைப் பட்டறைகளிலிருந்தும் வெளிவந்த உப்பு மிகுந்த கழிவுநீர் அங்கே தேங்கியமையால், அணைநீர் பாசனத்துக்கு உதவாததாயிற்று. நீரைத் திறந்துவிட வேண்டாம் என்று கீழ்ப்பகுதிக் குடியானவர்களே முறையிடும் நிலை வந்தது. கிணறுகள் உப்பேறின, மண் கெட்டது. பல ஆண்டு வழக்குகளுக்குப் பின், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் விதிகளுக்கு உட்படாத சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது.

இத்தகைய இடரில் முதற்குறியைக் காண்பவர் கிணற்றுக்கு உரியவரே. மாடு தொட்டித் தண்ணீரை முகர்ந்து பார்த்துக் குடியாமல் திரும்புதல், தென்னையின் ஓலை நுனி கருகுதல், வாய்க்கால் ஓரத்தில் வெள்ளைப் பூப்பு எழுதல், சோறு வேகத் தாமதமாதல் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு செய்தி. தனித்தனியே நோக்கின் இவை அற்பமானவை. ஒரே வாய்க்காலை ஒட்டிய பத்துத் தோட்டத்தார் தத்தம் கிணற்று நீரின் உப்பளவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதித்து, அக்கணக்கைக் கால்நடைகளின் நிலையோடும் வீட்டாரின் நலத்தோடும் சேர்த்து எழுதி வைத்திருப்பின், அதுவே மறுக்கவொண்ணாத சாட்சியமாகும். நினைவிலிருந்து கூறும் சொல்லுக்கு அவ்வலிமை இல்லை.

வெளிநாட்டிலும் பிற மாகாணத்திலும் கண்ட அனுபவம்

இவ்விரு கணக்குகளையும் சேர்த்துப் பார்ப்பதன் பயனுக்குப் பிற இடங்களிலும் சான்றுகள் உண்டு. குஜராத்தில் உள்ள ஆமதாபாத் நகரில் 2010 மே மாதத்தில் வெப்பம் 46 டிகிரி செல்சியசையும் கடந்தது. பின்னர் அந்நகரின் மரணப் பதிவுகளை வெப்பநிலைக் கணக்கோடு நாள்தோறும் ஒப்பிட்டபோது, அம்மாதத்தில் மட்டும் இயல்பான எண்ணிக்கைக்கு மேல் 1,344 பேர் மாண்டிருப்பது வெளிப்பட்டது. அம்மரணங்களுட் பெரும்பாலானவற்றுக்கு வெப்பம் காரணம் என்று எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. இவ்வொப்பீட்டின் பயனாக 2013-இல் அந்நகரம் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. வெப்ப முன்னறிவிப்பு குறித்த அளவைத் தாண்டியவுடன் ஆஸ்பத்திரிகளுக்கும் வேலைத்தலங்களுக்கும் செய்தி போய், குடிநீரும் நிழலும் ஏற்பாடு செய்யப்படுகின்றன. வேலை நேரமும் மாற்றப்படுகிறது. தமிழ்நாடு சர்க்காரும் 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடர்களுள் ஒன்றாக அறிவித்துள்ளது.

கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆடுமாடுகளையும் மனிதரையும் தாக்கும் பிளவுப் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்னும் நோய் உண்டு. இதன் கிருமியைத் தாங்கிய கொசு முட்டைகள் தாழ்நிலங்களின் மண்ணில் பல்லாண்டு கிடந்து, பெருமழையில் நீர் தேங்கியதும் பொரிக்கின்றன. 2006-ஆம் ஆண்டில் கடல் வெப்பத்தையும், செயற்கைக்கோள் வாயிலாகக் கண்ட புல்வளத்தையும், முந்தைய நோய்க்கணக்கையும் சேர்த்து ஆராய்ந்த விஞ்ஞானிகள், நோய் வரக்கூடும் என்று சில வாரங்களுக்கு முன்னரே எச்சரித்தனர். டிசம்பரில் கென்யாவின் வடகிழக்குப் பகுதியில் நோய் தோன்றிற்று. எச்சரிக்கை பலித்தது. ஆனால் தடுப்பூசி உரிய காலத்தில் மந்தைகளைச் சென்றடையாமையால் நூற்றுக்கு மேற்பட்ட மக்கள் உயிரிழந்தனர். எச்சரிக்கை எவ்வளவு நுட்பமாயிருப்பினும், அதைப் பெற்றுச் செயலாற்றுவோர் கிராமத்தில் ஆயத்தமாக இல்லாவிடில் பயனில்லை என்பது இதனால் விளங்கும்.

இந்தியாவிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. பெங்களூரில் உள்ள தேசியக் கால்நடை நோய்ப் பரவலியல் நிறுவனம் மழை, வெப்பம், ஈரம், புல்வளம் இவற்றின் கணக்கையும் முன்னாட்களில் நோய் கண்ட இடங்களின் கணக்கையும் இணைத்து, கோமாரி, அடைப்பான், சப்பை நோய், நீலநாக்கு முதலான நோய்கள் எந்த ஜில்லாவில் தோன்றக்கூடும் என்பதை இரண்டு மாதங்களுக்கு முன்னரே மாதந்தோறும் அறிவித்து வருகிறது. மனிதரின் நோய்களுக்கு 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. கோயம்புத்தூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வாரம் இருமுறை வானிலையை ஒட்டிய விவசாய யோசனைகளை வெளியிடுகிறது. இவை யாவும் கிராமத்திலிருந்து போகும் செய்தியையே ஆதாரமாகக் கொண்டவை. கிராமம் தவறாக எழுதினால் தலைநகரின் கணக்கும் தவறாகவே முடியும்.

கொங்கு நாட்டுக் குடியானவர் சேர்த்துப் பார்க்க வேண்டியவை

பருவத்தின் நிலையும் நோயின் தோற்றமும் எவ்வாறு இணைந்து வரும் என்பதற்குச் சில உதாரணங்கள் கீழே தரப்படுகின்றன.

1. நெடுநாள் வறட்சிக்குப் பின் நல்ல மழை பெய்து கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் செழித்துத் தளிர்க்கும்போது, கொழுத்த ஆட்டுக்குட்டிகள் திடீரென்று துள்ளி விழுந்து மாண்டால், துள்ளுமாரி நோயைச் சந்தேகிக்க வேண்டும். மழைக்கு முன்னரே தடுப்பூசி போடுதலும், தளிர்ப்புல்லில் ஆடுகளைத் திடீரென்று வயிறார மேயவிடாமையும் இதற்குக் காப்பு.

2. வடகிழக்குப் பருவமழையால் பட்டியைச் சுற்றிச் சேறும் சிற்றீக்களும் மிகுந்திருக்கும் காலத்தில், மேச்சேரி, குறும்பை முதலிய செம்மறிகளுக்குக் காய்ச்சல் கண்டு, வாயும் உதடும் வீங்கி, கால் நொண்டுமாயின் அது நீலநாக்கு நோயாகலாம். பட்டியை மேட்டு நிலத்துக்கு மாற்றி, மாலையில் புகை போடுதல் நலம்.

3. மழையின்றி வாடிய இளஞ்சோளப் பயிரிலும், அறுத்தபின் சிறுமழையில் துளிர்த்த மறுதாம்புச் சோளத்திலும் நச்சுத்தன்மை மிகும். வறட்சிக் காலத்தில் மாடு சோளக்காட்டில் புகுந்து சில நிமிஷங்களில் மூச்சுத் திணறி விழுந்தால், அதனைத் தொற்றுநோய் என்று கருதிக் காலம் போக்காமல் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

4. கால்நடை எவ்வித முன்னறிகுறியும் இன்றி மாண்டு, மூக்கு, ஆசனவாய் முதலிய துவாரங்களில் உறையாத கருநிற இரத்தம் வடிந்தால் அடைப்பான் என்று கொள்க. இதன் வித்துகள் மண்ணில் பல்லாண்டு உயிரோடிருந்து, பெருமழையில் மேலே வருவன. அப்பிணத்தை அறுக்கவும் தோலுரிக்கவும் கூடாது. இது மனிதரையும் கொல்லும் நோய். மருத்துவர் வரும்வரை நாயும் நரியும் அண்டாமல் காத்தல் வேண்டும்.

5. வெள்ளம் வடிந்த வயலிலும் வாய்க்காலிலும் இறங்கி வேலை செய்தோருக்கு ஒன்றிரண்டு வாரங்களுக்குள் கடுங்காய்ச்சலும், கெண்டைக்கால் வலியும், கண்சிவப்பும் தோன்றினால் எலிக்காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் நேர்ந்த பெருவெள்ளத்துக்குப் பின் இந்நோய் அங்கே பரவியதும், தடுப்பு மருந்து பரவலாக வழங்கப்பட்டதும் பலரும் அறிந்தவை.

6. மழைக்குறைவால் வீடுகளில் தொட்டியிலும் அண்டாவிலும் பல நாட்களுக்குத் தண்ணீர் பிடித்து வைக்கும்போது டெங்குக் கொசு பெருகும். முட்டையிலிருந்து கொசுவாவதற்கு ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாட்களே ஆகுமாதலால், வாரம் ஒருமுறை பாத்திரங்களை வடித்துத் தேய்த்துக் காயவைத்தால் அதன் வளர்ச்சி அறுபடும்.

7. குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வந்து தங்கும் ஏரிகளில் நீர்ப்பறவைகள் மடிந்து கிடப்பதும், அண்டை நாட்டில் வாத்துகள் மடிவதும் கோழிப்பண்ணையாளருக்கு எச்சரிக்கை. 2014 நவம்பரிலும் 2021 ஜனவரியிலும் கேரளத்தின் ஆலப்புழைப் பகுதியில் வாத்துகளுக்குப் பறவைக்காய்ச்சல் கண்டபோது, நாமக்கல் கோழிப்பண்ணைகளைக் காக்கும்பொருட்டு எல்லைச் சாவடிகளில் வண்டிகளுக்குக் கிருமிநாசினி தெளிக்கப்பட்டது.

கிராம நோட்டுப் புத்தகம்

மேற்கூறியவற்றைச் செயலிற் கொணர ஒரு நோட்டுப் புத்தகமே போதுமானது. வாரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, இடப்புறத்தில் நிலத்தின் கணக்கையும் வலப்புறத்தில் உயிர்களின் கணக்கையும் எழுதி வர வேண்டும்.

இடப்புறத்தில் எழுதத்தக்கவை: நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு அளந்த மழை, வாரத்தின் மிகுந்த வெப்பம், ஊர்ப்பொதுக் கிணறு ஒன்றிலும் தோட்டக்கிணறு இரண்டிலும் முடிச்சிட்ட கயிற்றால் அளந்த நீர்மட்டம், ஆழ்குழாய்க் கிணறுகளில் நீர் ஓடும் நேரம், குளங்குட்டைகளின் நிலை, சந்தையில் சோளத்தட்டு, வைக்கோல், தானியம் இவற்றின் விலை. கோயம்புத்தூர்ப் பக்கத்தில் பல ஆழ்குழாய்க் கிணறுகள் ஆயிரம் அடியையும் கடந்துவிட்டமையால், நீர்மட்டக் கணக்கு முன்னெப்போதையும்விட இப்போது இன்றியமையாதது.

வலப்புறத்தில் எழுதத்தக்கவை: நோயுற்ற மாடு, ஆடு, கோழிகளின் எண்ணிக்கை, மாண்டவற்றின் எண்ணிக்கை, காட்டுப்பறவை, எலி முதலியன வழக்கத்துக்கு மாறாக மடிந்த இடம், காய்ச்சல் கண்ட வீடுகளின் எண்ணிக்கை, வயிற்றுப்போக்குக் கண்ட வீடுகளின் எண்ணிக்கை, பள்ளிக்கு வாராத குழந்தைகளின் எண்ணிக்கை, அவ்வாரத்து மரணங்கள். நோயாளிகளின் பெயரை எழுத வேண்டியதில்லை. எண்ணிக்கையும் தெருவும் இருந்தாற் போதும்.

ஆண்டு முழுவதும் எழுதிய பின்னரே இப்புத்தகம் முழுப் பயன் தரும். சென்ற ஆண்டு இதே வாரத்தில் எப்படி இருந்தது என்பதே ஒப்பிடத்தக்க அளவுகோல். மழையைப் பொறுத்தவரை, 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்த நாளே மழைநாள் எனப்படும். பருவமழை இயல்பினும் 19 சதவீதம் வரை ஏறியிறங்குவதை வானிலை இலாகா சாதாரணமாகக் கொள்கிறது. அதற்கு மேற்பட்ட குறைவு பற்றாக்குறை. 60 சதவீதமும் அதற்கு மேலும் குறைந்தால் பெரும் பற்றாக்குறை.

முடிவு செய்வதற்கு ஓர் எளிய விதி உண்டு. இடப்புறத்தில் ஒரு மாறுதலும் வலப்புறத்தில் ஒரு மாறுதலும் ஒரே வாரத்தில் தோன்றினால் அன்றே செய்தி அனுப்ப வேண்டும். இடப்புறத்தில் மட்டும் மாறுதல் இருந்தால், வலப்புறத்தை வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பதை விடுத்து நாள்தோறும் பார்க்க வேண்டும். வலப்புறத்தில் மட்டும் இருந்தாலும் நோய் நோயே. மருத்துவருக்கு அறிவிக்கத் தயங்கலாகாது. செய்தி அனுப்பத் தொலைபேசி எண்கள் உள்ளன. கால்நடைக்கு 1962, மனிதரின் நோய் பற்றிய யோசனைக்கு 104, அவசரத்துக்கு 108, ஜில்லாப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

மறைப்பதால் வரும் கேடு

இம்முறை தோல்வியுறுவதற்கு அறியாமை ஒரு காரணமானால், மறைத்தல் அதனினும் பெரிய காரணமாகும். பட்டியில் நோய் கண்டதென்று தெரிந்தால் சந்தையில் விலை போகாது என்னும் அச்சத்தால், நோயுற்ற ஆடுகளை விடியுமுன் வண்டியேற்றிச் சந்தைக்கு அனுப்புவோர் உண்டு. அவ்வாறு ஒருவர் காக்கும் சில ஆயிரம் ரூபாய், அச்சந்தைக்கு வந்த இருபது கிராமத்தாரின் பட்டிகளை அழிக்கக்கூடும். அடுத்த ஆண்டு அந்நோய் அவருடைய பட்டிக்கே திரும்பி வருவதும் உண்டு.

2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், தம் கால்நடைக்குப் பட்டியலிற் கண்ட தொற்றுநோய் இருப்பதாக எண்ண இடமுள்ள ஒவ்வோர் உரிமையாளரும் அதனைக் கிராம அலுவலருக்கோ பஞ்சாயத்துக்கோ அறிவிக்க வேண்டும் என்று விதிக்கிறது. அச்செய்தி எழுத்து மூலமாக அருகிலுள்ள கால்நடை மருத்துவரைச் சேர வேண்டும். தம் எல்லைக்குட்பட்ட இடத்தைக் கிராம அலுவலர் சென்று பார்ப்பதும் அச்சட்டத்தின்படி அவர் கடமை.

மரணப் பதிவிலும் ஒரு குறை உண்டு. 1969-ஆம் ஆண்டுச் சட்டம் மரணத்தைப் பதிய 21 நாட்கள் அவகாசம் தருகிறது. பதிவுக்கு அது போதும். எச்சரிக்கைக்கு அது மிக நீண்ட காலம். மூன்று வாரத்தில் வாந்திபேதி ஊரையே சுற்றி வந்துவிடும். ஆகவே சான்றிதழ் எப்போது வாங்கினும், மரணச் செய்தியைக் கிராம நிர்வாக அலுவலருக்கு அன்றே சொல்லிவிடுதல் வேண்டும். அலுவலர்களும் காரணம் என்னும் இடத்தில் ‘காய்ச்சல்’ என்றோ ‘முதுமை’ என்றோ வாடிக்கையாக எழுதிவிடாமல், எத்தனை நாள் காய்ச்சல், வீட்டில் வேறு யாருக்கேனும் உண்டா என்று கேட்டுத் தம் நோட்டில் குறித்தல் நலம்.

உண்மையைச் சொல்வதால் நன்மை விளையும் என்பதற்கு வெக்கை நோயின் முடிவே சான்று. நூற்றாண்டுகளாக மாட்டினத்தை அழித்து வந்த அந்நோயை ஒழிக்கத் தடுப்பூசியோடு, ஊர் ஊராகச் சென்று மாடு வைத்திருப்போரைக் கேட்டறியும் முறையும் கையாளப்பட்டது. குடியானவர்கள் மறையாமல் கூறினர். இந்தியாவில் அந்நோய் கடைசியாக 1995-இல் காணப்பட்டது. 2011-இல் உலகம் முழுவதிலும் ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. கால்நடை நோய்களுள் மனித முயற்சியால் அடியோடு ஒழிந்தது இஃதொன்றே.

கிராம நிர்வாக அலுவலர், கிராமச் சுகாதாரச் செவிலியர், கால்நடை மருந்தக ஊழியர், பள்ளித் தலைமையாசிரியர், மழைமானி வைத்திருக்கும் நிலக்கிழார் ஆகிய ஐவரும் வாரத்தில் ஒரு நாள், கால்மணி நேரம், ஓரிடத்தில் கூடி அப்புத்தகத்தைப் பார்த்தால் போதும். வடகிழக்குப் பருவம் தொடங்குமுன் புத்தகத்தைத் தொடங்குவோருக்கு, நோய்கள் மிகுதியாகத் தோன்றும் மழைக்கால மாதங்களின் கணக்கு முதலாண்டிலேயே கைக்கு வந்துவிடும். மழைமானி இல்லாத கிராமத்தார் அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகி, அதனை நாட்டும் முறையையும் அளக்கும் முறையையும் அறிந்துகொள்வார்களாக.